ஆதி ஒளியும் குறுக்கே நின்ற தூசியும்

பிரபஞ்சத்தின் ஆதி ஒளியின் மிச்சமான பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியை அளக்கும் கருவிகளைச் செய்வது என் தொழில். விடுமுறைக்குக் காரைக்குடி வந்தபோது எங்கள் வீட்டு வளவில் கூடியவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே.

தேவகோட்டை ஆசிரியை: அந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

எல்லாத் திசையிலிருந்தும், டீச்சர். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எலெக்ட்ரான்கள் தனித்துத் திரிந்ததால் ஒளிக்கு நேர்வழியே இல்லை. வெப்பம் ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குத் தணிந்ததும் அவை அணுக்களில் அடங்கின; ஒளி புறப்பட்டது. பிரபஞ்சம் அதன்பின் 1,100 மடங்கு விரிந்துவிட்டது. அதனால் அந்த ஒளி இன்று 2.725 கெல்வின் குளிர்ந்த நுண்ணலையாக வந்து சேர்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி: நம் மொட்டைமாடியில் வைத்துப் பிடிக்க முடியாதா, தம்பி?

நல்ல கேள்வி, ஆச்சி. 1964-ல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில், சுமார் 7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இதை இரைச்சலாகக் கேட்டார்கள். அந்த அலைக்குக் காற்றின் ஈரம் பெரிய தடையில்லை. ஆன்டெனாவிலிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்த பிறகும் இரைச்சல் போகவில்லை. 1978-ல் நோபல் பரிசு வந்தது. ஆனால் ஒளி இருப்பதைக் காண்பது வேறு, அதில் இலட்சத்தில் ஒரு பங்கான ஏற்றத்தாழ்வை அளப்பது வேறு. இதற்கு மில்லிமீட்டர் அலைகள் வேண்டும். நீராவி அவற்றை விழுங்கும், தானும் உமிழும். அதனால்தான் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டருக்கு மேலும் தென்துருவத்திலும் தொலைநோக்கிகள் நிற்கின்றன.

கல்லூரி மாணவர்: பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது?

எல்லா இடத்திலும். மையம் கிடையாது.

இன்னொரு மாணவர்: வெடிப்பின் மையம் எந்தப் பக்கம்?

இப்போதுதான் சொன்னேன், தம்பி. மையம் கிடையாது.

கோட்டையூர்க்காரர்: செல்போன் கோபுரம் உடலுக்குக் கேடா?

என் துறை அன்று. மருத்துவரைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்: 2014-ல், பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த ஈர்ப்பலைகள் இந்த ஒளியில் பதித்த தடத்தைக் கண்டதாக அறிவித்துப் பின்வாங்கினீர்களே, எப்படி நம்புவது?

அது தென்துருவத் தொலைநோக்கி ஒன்றின் பைசெப்2 குழு, ஐயா. அவர்கள் அளந்தது பொய்யில்லை; வானத்திலிருந்து வந்த சமிக்ஞைதான். ஆனால் பால்வெளியின் தூசித் துகள்கள் காந்தப்புலத்தில் வரிசைகட்டி நின்று அதேபோன்ற தடத்தைத் தரும். அவர்கள் 150 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மட்டும் பார்த்தார்கள். தூசி பளிச்சென்று தெரிவது பிளாங்க் விண்கலம் பார்த்த 353 கிகாஹெர்ட்ஸில். 2015-ல் இரண்டு குழுக்களும் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தடத்துக்குத் தூசியே போதுமான காரணம் என்பது வெளிப்பட்டது. எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்: தூசியைக் கழிக்காமல் வாய் திறக்காதீர்கள்.

மேலாளர் விடவில்லை: கணக்கு ஒட்டாமல் நாங்கள் பேரேட்டை மூட மாட்டோமே!

ஆசிரியை குறுக்கிட்டார்: தவறைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள், அது போதாதா?

போதாது, டீச்சர். திருத்தியது பெருமைதான். ஆனால் சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே பத்திரிகையாளர்களைக் கூட்டியதில் நான் ஐயாவின் பக்கம்.

மேலாளர்: இப்போதாவது கிடைத்ததா?

இல்லை. 2021-ல் வெளியான அளவின்படி, ஆதி ஏற்றத்தாழ்வுகளில் ஈர்ப்பலையின் பங்கைக் காட்டும் விகிதம் 0.036-க்குக் கீழே. தேடுகிறோம்.