'வீட்டுச் சாப்பாடு' என்று போர்டு வைக்கும் கிராமத்துக் கடைகளில் கிடைப்பது நிஜமாகவே வீட்டுச் சாப்பாடா, வெறும் வியாபார உத்தியா?

கேள்வியில் அந்த 'வெறும்' இல்லாமல் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் போகும்போது பைபாஸில் ஏதோ ஒரு ஓலைக்கொட்டகையைப் பார்த்து நிறுத்தி, மண்சட்டியில் கொட்டிய ரெடிமேட் மசாலாவைச் சாப்பிட்டு ஏமாந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட கடைகள் இப்போது நிறைய. அதை நான் மறுக்கவில்லை. பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தில் ஒரு வீட்டில் போடுகிற சாப்பாடு யூடியூபில் ஓடிய பிறகு, கொங்கு நாட்டில் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு வாழையிலை போர்டு முளைத்துவிட்டது.

ஆனால் 2004 முதல் 2018 வரை எங்கள் வீட்டு முன்திண்ணையிலும் அப்படி ஒரு போர்டு தொங்கியது. பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவர்கள், தறிக்காரர்கள், மாசக் கணக்கு வைத்த இருபத்திரண்டு பேர். நான்கு பெஞ்சு. சமையல் அம்மா, பரிமாறுவது அப்பா, இலை எடுப்பது நானும் அக்காவும். ஹோட்டல்காரன் மகன் ஹோட்டலுக்குத்தான் பேசுவான் என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள், மேற்கொண்டு படித்துவிட்டு வாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதானே உங்கள் கவலை? லாரி நிற்கிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். லாரி நிற்பது லாரி நிறுத்த இடம் இருப்பதால். போர்டில் எத்தனை ஐட்டம் என்று பாருங்கள். எங்கள் கடையில் மதியம் ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். சனிக்கிழமை அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கிற அரிசிம்பருப்பு சாதம், அதற்கு ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கின நெய். செவ்வாய்க்கிழமை கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும். அந்த ரசத்தை அடுப்பிலேயே வைக்கக் கூடாது, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கையால் நசுக்கிப் புளித்தண்ணியில் போட வேண்டும். ரெண்டரை மணிக்கு வந்தால் எதுவும் இருக்காது. இருபத்தைந்து வகை எழுதி வைத்து ராத்திரி பத்து மணிக்கும் எல்லாம் கிடைக்கும் என்றால் அங்கே அடுப்பைவிட ஃபிரிட்ஜ் பெரிசு என்று அர்த்தம்.

இன்னொன்று, பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், தேங்காய்ப் பல், அவ்வளவுதான் சமாசாரம். மிளகாய்த்தூளும் கிடையாது, கரம் மசாலாவும் கிடையாது. கிரேவியோடு வந்தால் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், சண்டை போடாதீர்கள், ஆனால் இன்னொரு தடவை போகாதீர்கள். (எங்கள் ஊரில் வேறு மாதிரி செய்வோம் என்று யாராவது வந்தால், செய்துகொள்ளுங்கள் சாமி, பேரை மட்டும் மாற்றி வையுங்கள்.)

சரி, அது வீட்டுச் சாப்பாடுதானா? இதில்தான் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். அது நிச்சயமாக வீட்டுச் சாப்பாடு. எங்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை. மதியம் பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டுபோனது பாதி நாள் முந்தின ராத்திரி மீந்த சோற்றில் பிசைந்த தயிர். 'கடைக்கு வெச்சதுல கை வெக்காத கண்ணு' என்பது அம்மா எங்களிடம் அதிகம் சொன்ன வாக்கியம். அவர் சாப்பிடும்போது மணி நாலு ஆகியிருக்கும், அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றுகொண்டே. சட்டமும் எங்கள் மாதிரிதான்: வீட்டுச் சாப்பாடாக இருக்கலாம், வீட்டு சிலிண்டரில் சமைக்கக் கூடாது. 14.2 கிலோ வீட்டுக்கு, 19 கிலோ கடைக்கு. எங்கள் வீட்டில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெரியது எப்போதும் நிரம்பியிருக்கும், சின்னதை ஆட்டிப் பார்த்துத்தான் பற்ற வைக்க வேண்டும்.

2012, நான் பிளஸ் டூ. காலையில் ஏழு மணிக்கு, கொடுமுடிப் பக்கம் இருந்த அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தவறிவிட்டார் என்று போன். அம்மா அப்போது அரைச்ச குழம்புக்கு அம்மியில் இருந்தார். எழுந்து கையைக் கழுவினார். மசாலாவை வழித்து உருண்டையாகச் சட்டியில் வைத்தார். என்னிடம், 'கொதிக்க வெச்சு எறக்கீரு. மாசக் கணக்குக்காரங்க வருவாங்க, பட்டினி போட்றாத' என்றார். அழுதது அதற்குப் பிறகுதான்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனவருக்கு முக்கால் மணி நேரம் பஸ் கிடைக்கவில்லை. நாலுவழிச் சாலை வந்த பிறகு எந்த பஸ்ஸும் சர்வீஸ் ரோட்டில் இறங்குவதில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே 'எடையில எறங்கறவங்க ஏறாதீங்க' என்று கத்துகிற கண்டக்டர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. முப்பது சீட்டு காலியாக ஓடும், ஆனால் எங்கள் ஊர் டிக்கெட் என்றால் கீழே இறங்கு. அம்மாவைக் கடைசியில் தேங்காய் லோடு டெம்போக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார். அவர் எங்கள் கடையில் சாப்பிடுகிறவர். காலி பஸ்கள் மேலே பாலத்தில் போய்க்கொண்டுதான் இருந்தன.

குழம்பைக் கொதிக்க வைத்து இறக்கினேன். அப்பா சோறு வடித்தார். பதினொன்றரைக்கு முதல் பந்தி. எல்லோரும் சாப்பிட்டார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக ரெண்டாம் தடவை குழம்பு கேட்கிறவர்கள் கேட்டார்கள், ஊற்றினேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, 'தம்பி, நான் எப்பவும் உப்பு கொஞ்சம் தூக்கலா சாப்பிடுவேன், ஒரு கல்லு வெச்சுட்டுப் போ' என்றார். வைத்தேன். பக்கத்து இலைக்காரரும் விரலை நீட்டி, 'அப்படியே எனக்கும்' என்றார். அவருக்கு அடுத்தவரும். மூன்றாவது இலையில்தான் எனக்கு உறைத்தது. உள்ளே ஓடிப்போய்க் கரண்டியில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்பே போடவில்லை. அம்மா உப்பு போடுவது எப்போதும் கொதி வந்த பிறகு, அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இருபத்திரண்டு பேரில் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. இதைத்தான் வீடு என்பார்கள் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் பொய். எங்கள் வீட்டில் ஒரு நாள் உப்பு குறைந்திருந்தால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பார். அன்று அப்பாவும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டார், கடைசி ஆள் போன பிறகு. அவர் உப்பு கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் புரியவில்லை.

கல்லாவில் காசு குறையவில்லை. கணக்கு நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக எல்லோரும் அவரவர் கையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது வழக்கமாக அம்மா போடுகிற கோடு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியாபார உத்தியா என்றால், ஆமாம், வியாபாரம்தான். சும்மா போட்டோமா? அந்தத் திண்ணை வருமானத்தில்தான் அக்கா கல்யாணம், என் டிப்ளமா. காசு வாங்கினால் வீட்டுச் சாப்பாடு இல்லை என்று நினைக்கிறவர்கள் வீட்டில் ஓசியில் சமைக்கிறவரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். இதைச் சொன்னால் என் மனைவியே சிரிப்பாள், நான் இன்னும் ரசம் வைக்கக் கற்கவில்லை.

அட்ரஸ் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம். 2018 தையில் அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி நிறுத்திவிட்டோம். இப்போது ரெண்டு பேருக்குச் சமைக்க அவருக்கு அளவு வருவதில்லை, மீந்ததைத் தூக்குப்போசியில் ஊற்றி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். போர்டு கோழிக்கூண்டுக்கு மேல்மூடியாகக் கிடக்கிறது. கூண்டு அகலத்துக்கு அப்பா அதை அறுத்தபோது 'வீட்டுச் சா' வரைக்கும்தான் மிஞ்சியது.