பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 70-ல் அதிர்கிறது, கிராஸ் மாற்றியும் நிற்கவில்லை. கியர்பாக்ஸைக் கழற்றலாமா?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: ரங்கூனில் ஓடும் 90களின் டபுள் கேப் ஹைலக்ஸ். 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் தரையும் சீட்டும் அதிர்கின்றன. நாலு டயரும் பேலன்ஸ் செய்தாகிவிட்டது. ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய், அதன் முனைகளில் மடங்கும் மூட்டான கிராஸ் இரண்டும் புதுசு. பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறீர்கள். இப்போது பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள்.

இறக்காதீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றுக்குப் பெரிய செலவும் கிடையாது.

முதலில் ஆள் இல்லாத நேரான ரோடாகப் பார்த்து 70-ல் நாலாம் கியரில் ஓட்டுங்கள். அதே வேகத்தில் ஐந்தாம் கியர், பிறகு மூன்றாம் கியர். எஞ்சின் சுற்று மாறுகிறது, வண்டி வேகம் மாறவில்லை. அதிர்வு எல்லாக் கியரிலும் அதே 70-ல் வந்தால் எஞ்சினும் கிளட்சும் அதற்குக் காரணமில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுற்றும் ஏதோ ஒன்றுதான். அடுத்து, அதே வேகத்தில் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைக்க வேண்டாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் டயர், ரிம், ஷாஃப்ட் பேலன்ஸ் என்று போக வேண்டும். மிதிக்கும்போது கூடி, விட்டதும் குறைந்தால் கிராஸ், ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், ஷாஃப்ட் கோணம். உங்கள் வண்டி இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

அதிர்வின் வேகத்தையும் கவனியுங்கள். 205 ஆர் 16 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். 70-ல் போகும்போது சக்கரம் ஒரு விநாடிக்கு எட்டரை முறை சுற்றும். பின் ஆக்சில் நடுவே உள்ள டிஃப்ரன்ஷியலின் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால், ஷாஃப்ட் அதே விநாடியில் 35 முறை சுற்றும். டயர் கோளாறு என்றால் உடம்பை ஆட்டுகிற மெதுவான குலுக்கல். ஷாஃப்ட் என்றால் தரையில் ஒரு ரீங்காரம், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். கோணக் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும், அதாவது விநாடிக்கு 70. அது காதில் உறுமலாகவே விழும். உங்கள் வண்டியின் டிஃப்ரன்ஷியல் விகிதம் தெரியாவிட்டால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

இனி முக்கியமானது. நம் ஊரில் பிக்கப்பை யாரும் ஜப்பானில் இருந்து வந்த உயரத்தில் ஓட்டுவதில்லை. நான் இருக்கும் மோல்மேனில் முடோன், தன்பியூசயாட் பக்கம் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி ஓடும் லைன் கார் பிக்கப்களைப் பார்த்தால் பின்னால் இரண்டு மூன்று பட்டை கூடுதலாக இருக்கும். ரப்பர் ஷீட் 300 வீசை, கிட்டத்தட்ட 490 கிலோ, அதற்கு மேல் ஆட்கள். பட்டை இல்லாமல் முடியாது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டை கூட்டினால் காலி வண்டியின் பின்புறம் தூக்கிக்கொள்ளும், ஷாஃப்ட் கூடுதல் சாய்வில் இறங்கும், கிராஸ் வளைந்த கோணத்திலேயே வேலை செய்யும். கிராஸ் வளைந்து சுற்றும்போது ஷாஃப்ட்டின் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடிக் குறையும். இந்த ஏற்ற இறக்கம் கோணத்தின் வர்க்கத்தில் வளரும்: கோணம் இரண்டு மடங்கானால் உதறல் நாலு மடங்கு. முன் கிராஸில் உண்டாவதைப் பின் கிராஸ் அழிக்க வேண்டும். அதற்கு ஷாஃப்ட் மாட்டும் கியர்பாக்ஸ் முகமும் டிஃப்ரன்ஷியல் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அது கெட்டுவிட்டால் எத்தனை நல்ல கிராஸ் போட்டாலும் அதிரும், அந்தக் கிராஸும் சீக்கிரம் போகும்.

என் மச்சானின் லைன் காரில் இதுதான் நடந்தது. சரக்கோடு தன்பியூசயாட்டிலிருந்து வரும்போது வண்டி அமைதி. காலியாகத் திரும்பினால் தரை உறுமும். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் கிராஸ்தான் மாற்றினார்கள். கடைசியில் கோணத்தை அளந்தோம். டிஃப்ரன்ஷியல் முகம் கியர்பாக்ஸோடு இணையாக இல்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து முகத்தைத் திருப்பி, சென்டர் பேரிங்குக்கு ஒரு தகடு கொடுத்து இறக்கியதும் உறுமல் நின்றது. ஆகவே ஏற்றிய வண்டியிலும் காலி வண்டியிலும் அதிர்வு வேறு வேறாக இருந்தால், எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் கோணம் பாருங்கள்.

அளப்பது எளிது. வண்டி சமதரையில், வழக்கமான சரக்கோடு, நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக் போட்டு ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் எண் பொய். கியர்பாக்ஸ் பின் முகம், ஷாஃப்ட் குழாய், டிஃப்ரன்ஷியல் முன் முகம் மூன்றிலும் போனின் சாய்வுமானியையோ கோணமானியையோ வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டுக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பூஜ்ஜியமும் வேண்டாம், கிராஸுக்குள் உள்ள ஊசி ரோலர்கள் நகராமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி போடும்.

கோணம் சரி என்றால் மற்றவை. ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, நடுவே நீளும் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் இதே அதிர்வு வரும். ஒரு குழாயின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் தயாரிப்பாளர் குறி வைத்திருப்பார், அதைப் பின்பற்ற வேண்டும். அடுத்த முறை கழற்றும் முன் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டுவிடுங்கள்.

சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தால் புறப்படும்போதே கட கட என்று உதறும். அதைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் தெரிந்துவிடும். ஷாஃப்ட் குழாயில் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். மே முதல் அக்டோபர் வரை மழையும் சேறும் இருக்கிற நம் ஊரில் அதுவே பேலன்ஸைக் கெடுக்கும். புதுக் கிராஸ் என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். தாய்லாந்து சரக்கோ சீனச் சரக்கோ, மாட்டியவர் கவையின் காதை லேசாகத் தட்டி இறுக்கத்தை விடாமல் போனால் கிராஸ் பிடித்துக்கொண்டே இருக்கும். கையில் பிடித்தால் எல்லாப் பக்கமும் தடையின்றி மடங்க வேண்டும். கப்பைச் சுற்றித் துருப் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு வைத்திருப்பது பின் சக்கரத்தைப் பிடிக்காது. சில பழைய லாரிகளிலும் ஜீப்களிலும் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸ் பின்னால்தான் இருக்கும், அதுவும் போய்விடும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள்.

ஆப்பு எந்தப் பக்கம் தடிமனாக வர வேண்டும் என்பது உங்கள் எண்களைப் பொறுத்தது. வண்டியை ஒரு முறை காலியாகவும் ஒரு முறை சரக்கோடும் ஓட்டிப் பார்த்து, கியர் மாற்றிய சோதனை என்ன சொன்னது என்பதையும் மூன்று கோணங்களையும் இங்கேயே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.