குவேசாரின் புறஊதா ஒளியைத் தரையிலிருந்தே படிக்கலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து இயற்பியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் எழுதுகிறார்: "புறஊதா நிறமாலையைக் கொண்டு குவேசாரின் கருந்துளை நிறையைக் கணக்கிட விரும்புகிறேன். அந்த ஒளி தரைக்கே வராது, விண்வெளித் தொலைநோக்கி இல்லாமல் முடியாது என்கிறார்கள். வேறு தலைப்புக்கு மாறிவிடவா?"

மாற வேண்டாம் அம்மா. (குவேசார் என்பது, மையத்திலுள்ள பெருங்கருந்துளையில் வாயு விழுவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன்திரள் மையம்.) அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை ஓசோன் விழுங்கிவிடுகிறது. அந்தப் படலம் 20, 30 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், நம் சால்ட் தொலைநோக்கி இருக்கும் சதர்லாந்தின் 1,800 மீட்டர் உயரமும் உதவாது. ஆனால் தொலைதூரக் குவேசாரின் ஒளியின் அலைநீளம் வரும் வழியிலேயே நீண்டுவிடுகிறது. 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவேசாரில் கண்டுபிடித்தது இதைத்தான்: இனம் தெரியாமல் கிடந்த நிறமாலைக் கோடுகள், 16 விழுக்காடு நீண்டுபோன ஹைட்ரஜன் கோடுகளே.

ஆகவே எந்தக் குவேசாரை எடுக்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. 3சி 273-இன் லைமன் ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் புறஊதாக் கோடு 140.8 நானோமீட்டரில் விழும். அதற்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிதான் வேண்டும். இந்த நீட்சியின் அளவுதான் செம்பெயர்ச்சி; அது 2 என்றால் அலைநீளம் மும்மடங்கு. மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் 154.9 கோடு 464.7-க்கும், ஓர் எலக்ட்ரானை இழந்த மக்னீசியத்தின் 279.8 கோடு 839.4-க்கும் வந்து சேரும். சால்ட்டின் நிறமாலைமானி 320 முதல் 900 வரை பார்க்கும். ஆனால் முதல் வேலைக்கு அதுகூடத் தேவையில்லை. ஸ்லோன் என்ற வான் கணக்கெடுப்பு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களைத் தொகுத்திருக்கிறது. அவற்றின் நிறமாலைகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கில் கவனம் தேவைப்படும் இடம் கோட்டின் அகலம். கருந்துளையைச் சுற்றும் வாயு எவ்வளவு வேகமோ, கோடு அவ்வளவு அகலம். செம்பெயர்ச்சி 2 உள்ள குவேசாரில் கார்பன் கோட்டின் அரை உயர அகலம் 6.2 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 464.7-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 4,000 கிலோமீட்டர். மறதியில் 154.9-ஆல் வகுத்தால் 12,000 வரும். நிறை வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. விடை ஒன்பது மடங்கு ஊதிப்போகும்.

வாயு எவ்வளவு தொலைவில் சுற்றுகிறது என்பதை ஒளிர்வே சொல்லிவிடும். மையம் மினுங்கிய எத்தனை நாளில் கோடு மினுங்குகிறது என்று அருகிலுள்ள குவேசார்களில் அளந்து உருவாக்கிய தொடர்பு அது. நம் எடுத்துக்காட்டில், 135 நானோமீட்டர் அருகே ஒளிர்வு நொடிக்கு 10-இன் 46-ஆம் அடுக்கு எர்க் (ஆற்றல் அலகு) என்றால், நிறை ஏறக்குறைய 80 கோடி சூரியன்கள். ஒளிர்வை எடுக்குமுன் நம் பால்வெளியின் தூசு மறைப்பைத் திருத்திவிடுங்கள். நீண்டு வந்த ஒளியிலும் அதன் பாதிப்பு உண்டு.

கார்பன் கோட்டை மட்டும் நம்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதை உமிழும் வாயுவில் ஒரு பகுதி சுற்றாமல் வெளியே பீறிடுகிறது. கோடு நீலப் பக்கம் சாய்ந்து அகலமாகத் தெரியும், நிறையும் கூடித் தெரியும். மக்னீசியம் அவ்வளவு அலைக்கழிக்காது. செம்பெயர்ச்சி 1.7-க்கும் 2-க்கும் இடைப்பட்ட குவேசார்களாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கோடுகளும் கிடைக்கும். பத்து குவேசார்களில் இரு விடைகளையும் ஒப்பிட்டு, கார்பன் கோடு சாயச் சாய வேறுபாடு வளர்கிறதா என்று பாருங்கள். இறுதியாண்டுக்கு அதுவே நல்ல ஆய்வு. ஒவ்வொரு நிறைக்கும் மும்மடங்கு வரை பிழை இருக்கலாம் என்பதை அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.