வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை அயர்லாந்து: டப்ளினில் தொடங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். இருவர் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறோம். ஒருவன் டப்ளினில் எம்.எஸ்சி. படிக்கிறான். நான்காமவன் கோயம்புத்தூரிலிருந்து விசிட் விசாவில் மே மாதம் மான்செஸ்டர் வருகிறான். ஜூன் முதல் வார இறுதியில் வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். டப்ளின், கால்வே, மோஹர் பாறைகள், ஜெயன்ட்ஸ் காஸ்வே, முடிந்தால் கார்க் எல்லாம் பார்க்க ஆசை. நண்பனுடன் டப்ளினில் தங்கிக்கொண்டு, வாடகைக் காரில் தினமும் ஒரு பக்கம் போய்வரலாமா?

பதில்: ஆசைப்பட்ட ஐந்தில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். காஸ்வேயையும் கார்க்கையும் எடுத்துவிடுங்கள். டப்ளினில் தங்கிப் போய்வருவதையும் விட்டுவிடுங்கள். ஆனால் வழியைப் பேசுவதற்கு முன் விசாவைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நால்வரில் யார் யார் வரமுடியும் என்பதே அதில்தான் இருக்கிறது.

அயர்லாந்து ஷெங்கன் நாடும் இல்லை, பிரிட்டனும் இல்லை. மான்செஸ்டரில் வேலை விசாவில் இருக்கும் நீங்கள் இருவரும் அயர்லாந்துக்குத் தனியாகக் குறுகியகால விசா எடுக்க வேண்டும். பிரிட்டனில் ஐந்து வருடம் வரி கட்டியிருந்தாலும் இதில் சலுகை கிடையாது. இணையத்தில் அவாட்ஸ் என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. முடிவு வர 8 வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். வேடிக்கை என்னவென்றால், கோவையிலிருந்து வரும் நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லாமல் போகலாம். அவருடைய பிரிட்டிஷ் விசிட் விசாவின் குறிப்புப் பகுதியில் 'பி.ஐ.வி.எஸ்.' (BIVS, பிரிட்டன் - அயர்லாந்து விசா ஏற்பாடு) என்ற நான்கு எழுத்துகள் இருந்தால், முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டு, அந்த அனுமதி முடிவதற்குள் அதே விசாவில் அயர்லாந்துக்கு வரலாம். கோவையிலிருந்து நேரே டப்ளினில் இறங்கினால் செல்லாது, வரிசை முக்கியம்.

காஸ்வேயை எடுக்கச் சொன்னதற்குத் தூரம் பாதிக் காரணம்தான். அது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில் இருக்கிறது. டப்ளினில் படிக்கும் நண்பரின் ஐரிஷ் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது, பிரிட்டிஷ் விசா வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. கிலோமீட்டர் பலகை மைல் பலகையாக மாறுவதைப் பார்த்துத்தான் நாடு மாறியது தெரியும். அதனால் 'யார் கேட்கப்போகிறார்கள்' என்று பலர் போய்வருகிறார்கள். ஆனால் டப்ளின் - பெல்ஃபாஸ்ட் பஸ்களில் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பது உண்டு. ஒரு நாள் சுற்றுலாவுக்காக மாணவர் தன் குடியேற்றப் பதிவில் கறை வாங்கிக்கொள்ள வேண்டாம். காஸ்வேயின் பாறைத்தூண்கள் 6 கோடி வருடமாக அங்கேயே நிற்கின்றன, இன்னும் கொஞ்சம் நிற்கும்.

அடுத்து தேதி. ஜூன் மாதத்தின் முதல் திங்கள் அயர்லாந்தில் பொது விடுமுறை. நாடே அந்த வாரம் மேற்குக் கடற்கரைக்குக் கிளம்பும், அறை வாடகையும் ஏறும். உங்களுக்கோ பிரிட்டனில் அந்தத் திங்கள் விடுமுறை இல்லை. அவர்களுடைய கூட்டத்துக்கு நடுவில் போய், அவர்களுடைய மூன்றாவது நாள் இல்லாமல் திரும்புவீர்கள். இரண்டாவது வார இறுதிக்குத் தள்ளுங்கள். மேற்கில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். இரண்டு நாளில் மூன்று நாள் வெளிச்சம் கிடைக்கும். டிசம்பரில் இதே பயணத்தைப் போட்டால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டு.

இனி வழி. டப்ளினிலிருந்து மோஹருக்கு ஒரு பக்கம் மூன்று மணி நேரத்துக்கு மேல். டப்ளினில் தங்கிக்கொண்டு போய்வந்தால் சனிக்கிழமையில் ஆறேழு மணி நேரம் நெடுஞ்சாலையிலேயே போகும். டூர் பஸ்ஸில் போனாலும் இதே கதை: விடிகாலையில் ஏறி, பாறையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் நின்று, இரவில் திரும்புவது. அதிலும் எல்லாப் பஸ்களும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். இதற்கு மாற்று, மேற்கில் இறங்கிக் கிழக்கில் ஏறுவது. மான்செஸ்டரிலிருந்து ஷானன் விமான நிலையத்துக்கு வாருங்கள், திரும்பும் விமானத்தை டப்ளினிலிருந்து எடுங்கள். ஷானன் - எனிஸ் - மோஹர் - கால்வே - டப்ளின் ஒரே கோடு. போன வழியே திரும்பும் வேலை இல்லை. காரை ஷானனில் எடுத்து டப்ளின் விமான நிலையத்தில் விடலாமா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். டப்ளின் நண்பர் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயிலேறி, லிமெரிக்கில் மாறி, எனிஸுக்கு வந்து சேர்ந்துகொள்வார். ஷானன் விமானத்தின் நேரம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், டப்ளினில் இறங்கி, விமான நிலைய வாசலிலேயே நேரடிக் கால்வே பஸ்ஸைப் பிடியுங்கள். இரண்டரை மணி நேரம். வேலை முடிந்த வெள்ளி இரவில் தெரியாத சாலையில் 200 கி.மீ. ஓட்டுவதைவிட அது மேல்.

மான்செஸ்டரில் ஒரு சின்ன விஷயம். போர்டிங் பாஸ் போனில் இருந்தாலும், சில விமான நிறுவனங்கள் ஐரோப்பியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களின் விசாவைக் கவுன்டரில் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அதைச் செய்யாமல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அரைமணி முன்னதாகப் போங்கள்.

கார்: சின்ன கார் போதும். நான்கு பேர், நான்கு கைப்பெட்டி என்றால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அளவு. பெரிய வண்டியாக இருந்தால் சௌகரியம் என்று தோன்றும், ஆனால் சனிக்கிழமை நீங்கள் போகும் ஆர்477 சாலையில் ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் கடல், எதிரே சுற்றுலா பஸ். இடது பக்கம்தான் ஓட்டுவது, அதனால் நம் ஆட்களுக்குத் திசை பழகியது. அடிபடுவது இடப்பக்கக் கண்ணாடியும் இடப்பக்க டயரும்தான். எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது சுவரோ கல்லோ உரசும். அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேராது என்பதால் அதை மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டை நீட்டி, சாவி கிடைக்காமல் நிற்பவர்கள் எல்லா வெள்ளிக்கிழமையும் உண்டு. கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால் 1,500 யூரோவுக்கு மேல்கூட கார்டில் முடக்கிவைப்பார்கள். இணையத்தில் வேறிடத்தில் மலிவாக வாங்கிய காப்பீடு அந்த முடக்கத்தைத் தடுக்காது. 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம். கியர் வண்டிதான் வழக்கம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே சொல்ல வேண்டும். இந்திய உரிமத்தில் பயணியாக ஓட்டலாம், ஆனால் பழகுநர் உரிமம் செல்லாது. இரண்டு பேர் பெயரை ஓட்டுநராகப் பதியுங்கள். ஏன் என்று கால்வே இரவில் தெரியும்.

வேக வரம்பு மோட்டார்வேயில் 120, தேசியச் சாலையில் 100, ஊருக்குள் 50. கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் வரம்பு 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 ஆனது. போன் சொல்லும் நேரத்தோடு கால்பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க்கில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். அவசரத்தில் இதை மாற்றி ஊற்றுவது வாடகைக் கார்களின் நிரந்தர நோய்.

வெள்ளி இரவு எனிஸில் தங்குங்கள், ஷானனிலிருந்து அரைமணி நேரத்துக்குள். சாப்பாட்டை முதலில் முடியுங்கள்: சின்ன ஊர்களில் பப் நள்ளிரவு வரை திறந்திருந்தாலும் சமையலறை 9 மணிக்குள் மூடிவிடும். சைவக்காரர் இருந்தால் மூன்று கேள்விகள் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். காய்கறி சூப்பில் கோழிச்சாறு ஊற்றியிருக்கிறதா? சிப்ஸ் மாட்டுக்கொழுப்பில் பொரித்ததா? மீன் மட்டும் சாப்பிடுபவர் என்றால், கடலுணவு சௌடர் என்ற கெட்டி சூப்பில் பன்றி பேக்கன் உண்டா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்பது அபூர்வமான பதில் அல்ல.

சனி காலை 8 மணிக்கு மோஹர் வாசலில் இருங்கள். எனிஸிலிருந்து முக்கால் மணி நேரம். டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து வாங்குங்கள், பார்க்கிங் அதற்குள்ளேயே அடக்கம். 11 மணியிலிருந்து மாலை 4 வரை கூட்டமும் கட்டணமும் உச்சம். காலையில் போவதில் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம்: பாறைகள் மேற்கு பார்த்தவை, அதனால் காலையில் முகம் நிழலில் கறுத்திருக்கும். படங்களில் பார்க்கும் செம்பொன் நிறம் மாலை 6-க்கு மேல்தான். உங்கள் விமானம் வெள்ளி 4 மணிக்குள் ஷானனில் இறங்குமானால், அன்று மாலையே பாறைக்குப் போய்விடுங்கள். கோடையில் இரவு 9 வரை திறந்திருக்கும்.

உள்ளே போனதும் எல்லோரும் வலப்பக்கம், 1835-இல் கட்டிய ஓ பிரையன் கோபுரத்துக்கு ஏறுவார்கள். மிக உயரமான பகுதி அந்தப் பக்கம்தான், 214 மீட்டர். நீங்கள் முதலில் இடப்பக்கத் தெற்கு மேடைக்குப் போங்கள். கீழே ஆட்டுத்தீவு என்ற புல்திட்டில் ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள் கூடு வைக்கும். நம் புறா அளவுதான், அதனால் வெறுங்கண்ணுக்கு எறும்பு போலத் தெரியும். பைனாகுலர் இல்லாமல் 'பஃபின் பார்த்தேன்' என்பவரை நம்பாதீர்கள். பாதையோரத் தடுப்புப் பலகைக்கல்லைக் குனிந்து பாருங்கள். புழு நெளிந்து போன தடம் மாதிரி கோடுகள் ஓடும். 30 கோடி வருடத்துக்கு முன் கடலடிச் சேற்றில் ஊர்ந்த உயிர்களின் தடம் அது, லிஸ்கானர் கல் என்று பெயர்.

அந்தக் கல்லைத் தாண்டாதீர்கள். மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய பாறை இது. அலை அடியிலுள்ள மென்மையான களிப்பாறையை முதலில் தின்றுவிடும், மேலே புல்தரை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. காற்றோ எதிர்பாராத திசையில் தள்ளும். விபத்துகளுக்குப் பிறகு 2024-இல் கரையோர நடைபாதையின் பெரும்பகுதியை மூடினார்கள். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அன்றைய அறிவிப்பைப் பார்த்தே நடக்க வேண்டும். குடை கொண்டுபோக வேண்டாம், முதல் நிமிடத்திலேயே மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, வழுக்காத ஷூ போதும். மேற்குப் பகுதிகளில் வருடத்துக்குச் சுமார் 225 நாள் மழை. நனையாமல் திரும்பினால் அது அதிர்ஷ்டம்.

அரசு வானிலை மையம் பலத்த காற்று எச்சரிக்கை விட்டால் பாறைப் பகுதியை மூடிவிடுவார்கள். அப்போது டூலின் குகைக்குப் போங்கள். 7 மீட்டருக்கு மேல் நீளமான ஒற்றைச் சுண்ணாம்பு விழுது கூரையிலிருந்து தொங்குகிறது.

மோஹரிலிருந்து டூலின், பிறகு ஆர்477-இல் ஃபனோர், பிளாக் ஹெட் முனை, பாலிவான். வலப்பக்கம் பர்ரன் மலைகள்: மண்ணே இல்லாத சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாளங்கள், வெடிப்புகளுக்குள் மட்டும் பூக்கள். பாலிவானிலிருந்து உள்ளே 10 கி.மீ. போனால் போல்நாப்ரோன். 5,000 வருடத்துக்கு முந்தைய கல்திட்டை. நம் ஊர்க் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு, மேலே சாய்ந்த ஒற்றைப் பலகைக்கல் பரிச்சயமாகத் தோன்றும். அனுமதி இலவசம். பாளங்களின் வெடிப்பில் கணுக்கால் மாட்டாமல் பார்த்து நடங்கள். பிறகு கின்வாராவில் நின்று, கால்வே. மொத்த ஓட்டம் சுமார் 150 கி.மீ.தான், ஆனால் மாலை 5 மணிக்கு முன் சேர முயலாதீர்கள்.

கால்வே நகர மையத்தில் சந்துகள், பார்க்கிங் சிரமம். சால்ட்ஹில்லில் கார் நிறுத்த இடமுள்ள அறையாகப் பிடித்து, கடலோர நடைபாதையில் அரைமணி நேரம் நடந்தே நகருக்குப் போங்கள். ஸ்பானிஷ் வளைவு, ஷாப் தெருவில் பாட்டுக்காரர்கள், ஒரு பப்பில் ஃபிடில் இசை. வேறு பட்டியல் தேவையில்லை. ஒரு கணக்கு மட்டும்: ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பீர் உடம்பில் கரைய சுமார் 2 மணி நேரம். நள்ளிரவில் நாலாவது பைண்டை முடித்தவர் காலை 8 மணிக்கு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், காலையிலும் ஊதச்சொல்வார்கள். பதிந்த இரண்டு ஓட்டுநரில் ஒருவர் அன்று எலுமிச்சைச் சோடாவோடு இருக்கட்டும்.

ஞாயிறு 8 மணிக்குக் கிளம்பினால் எம்6, எம்4 வழியாக 11 மணிக்குள் டப்ளின் விமான நிலையம். வழியில் இரண்டு டோல் கேட். காரை அப்போதே ஒப்படைத்துவிட்டு 41 அல்லது 16-ஆம் எண் பஸ்ஸில் நகருக்குப் போங்கள். நகருக்குள் கார் சுமைதான். லீப் கார்டு என்ற பயண அட்டை விமான நிலையக் கடையிலேயே கிடைக்கும், 90 நிமிடத்துக்குள் பஸ், டிராம் மாறினாலும் 2 யூரோ. அது இல்லாவிட்டால் பஸ்ஸில் நாணயம் மட்டும்தான் வாங்குவார்கள், மீதியும் தரமாட்டார்கள். பெட்டிகளை நண்பரின் அறையில் போடுங்கள். கில்டேர் தெருத் தொல்லியல் அருங்காட்சியகம் ஞாயிறு மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும், இலவசம். சதுப்பு நிலத்தில் தோல், நகத்தோடு பதப்பட்டுக் கிடைத்த இரும்புக்கால மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கில்மெய்ன்ஹாம் பழைய சிறை வேண்டுமென்றால் 28 நாள் முன்பே டிக்கெட் வெளியானதும் பிடிக்க வேண்டும். டெம்பிள் பார் என்ற பப் தெருக்களைப் பார்த்துவிட்டு, குடிப்பதை இரண்டு தெரு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில், எம்4-லிருந்து விமான நிலையம் போகும்போது 7-ஆம், 6-ஆம் சந்திப்புகளுக்கு நடுவே ஒரு டோல் உண்டு. கேட் இல்லை, ஆளும் இல்லை. கேமரா எண்ணைப் படித்துவிடும். மறுநாள் இரவு 8 மணிக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், தவறினால் அபராதமும் வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து உங்கள் கார்டில் விழும். சில நிறுவனங்கள் தாங்களே கட்டிவிடும். சாவி வாங்கும்போது கேளுங்கள். இல்லை என்றால் திங்கள் மாலைக்கு இப்போதே போனில் அலாரம் வையுங்கள்.