பாரிசின் ஏழாம் வட்டாரத்தில் ஈஃபில் கோபுரம் தவிர என்ன பார்க்கலாம்?

செப்டம்பரில் பெற்றோருடன் வருகிறீர்கள், ஏழாம் வட்டாரத்தில் அறை போட்டிருக்கிறீர்கள், கோபுரம் தவிர பக்கத்தில் நடந்தே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஊரில் வசிப்பவன். ஊரிலிருந்து வரும் சொந்தங்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது எப்படியோ என் தலையில் விழுந்த வேலை. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியில் நடந்தால் பாதி நேரம் உயரமான மதிலும் பூட்டிய மரக்கதவும்தான் தெரியும். 18ஆம் நூற்றாண்டுப் பிரபுக்கள் தெருவுக்கு மதிலைக் காட்டி, உள்ளே முற்றம், அதன் பின் மாளிகை, அதற்கும் பின்னால் தோட்டம் என்று கட்டிக்கொண்ட இடம் அது. இன்று அவற்றில் பல அமைச்சகங்கள், தூதரகங்கள். வரேன் தெருவில் பிரதமரின் மத்தின்யோன் மாளிகைக்குப் பின்னால் பெரிய தோட்டமே இருக்கிறது. நமக்குத் தெரிவது வாசலில் நிற்கும் காவலர்கள் மட்டும்தான். செப்டம்பர் மூன்றாம் சனி ஞாயிறில் இருந்தால் உங்களுக்கு யோகம். பாரம்பரிய நாட்கள் என்று அப்போது இப்படிப்பட்ட பல கட்டடங்களைத் திறந்துவிடுவார்கள். சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், வரிசையும் நீளம்.

மற்ற நாட்களில் திறந்திருக்கும் கதவுகளில் முதலிடம் அதே தெருவில் இருக்கும் ரோதான் அருங்காட்சியகத்துக்கு. ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றாலும் இதைத்தான் சொல்வேன். பிரோன் மாளிகை என்று பெயர். இடையில் கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளியாக இருந்தது. அவர்கள் போன பிறகு அறைகளை மலிவு வாடகைக்கு விட்டார்கள். ஓவியர் மத்தீஸ், கவிஞர் ரில்கே என்று பலர் குடியிருந்தார்கள். 1908இல் சிற்பி ரோதானும் வாடகைக்கு வந்தார். பிறகு, இதை அருங்காட்சியகமாக்கினால் என் படைப்புகள் எல்லாம் உங்களுக்கே என்று அரசிடம் பேசி, 1916இல் எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1919இல் திறந்தார்கள். 'சிந்தனையாளன்', 'கலேயின் குடிமக்கள்', 'நரக வாசல்' மூன்றும் தோட்டத்திலேயே நிற்கின்றன. தோட்டம் சுமார் 3 ஹெக்டேர். பெஞ்சுகள் உண்டு, பெற்றோருக்கு முழங்கால் வலி என்றால் அங்கேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் வரலாம். உள்ளே கமீய் குளோதெல் செய்தவற்றைத் தவறவிடாதீர்கள். ரோதானின் மாணவி, காதலி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நம் ஆட்களிடம் நான் தவறாமல் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. இந்த ரோதான் நம் நடராசரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல நடராசரின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. சிலையை நேரில் பார்த்ததே இல்லை. படங்களை வைத்துக்கொண்டே 1913இல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சானது, கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தோடு சேர்ந்து. இதைத் தெரிந்துகொண்டு அந்த வெண்கல உடம்புகளைப் பார்த்தால் நம் கண் வேறு மாதிரி பார்க்கும்.

அங்கிருந்து கால் மணி, இருபது நிமிட நடையில் ஆற்றங்கரையில் ஓர்சே அருங்காட்சியகம். இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 'நரக வாசல்' 1880இல் அரசு ரோதானிடம் கேட்ட கதவு. கட்டப்போகும் ஒரு கலை அருங்காட்சியகத்துக்கு. 1871 கலவரத்தில் எரிந்துபோன ஒரு கட்டடத்தின் இடத்தில் அது வருவதாக இருந்தது. வரவில்லை. அதே இடத்தில் 1900 உலகக் கண்காட்சிக்காக ஒரு ரயில் நிலையத்தைக் கட்டினார்கள். பின்னாளில் ரயில்கள் நீண்டன, நடைமேடை போதவில்லை. 1939 வாக்கில் தொலைதூர ரயில்கள் நின்றன. இடிக்கவிருந்ததைக் காப்பாற்றி 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ரோதானின் கதவின் சுதை வடிவம் இப்போது அங்கேதான் இருக்கிறது. ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது! நேரம் குறைவென்றால் நேரே ஐந்தாம் மாடிக்குப் போங்கள்: மோனே, ரெனுவார், தெகா ஆகியோரின் ஓவியங்கள், அப்புறம் அந்தப் பெரிய கடிகாரக் கண்ணாடி. வியாழக்கிழமை இரவு 9:45 வரை திறந்திருக்கும். மாலையில் போனால் கூட்டம் கொஞ்சம் குறையும்.

இன்வாலித் தங்கக் கூரையைத் தவிர்க்க முடியாது, எங்கிருந்தும் தெரியும். காயம்பட்ட வீரர்களுக்காக 14ஆம் லூயி கட்டியது. நெப்போலியன் உடலை 1840இல் செயின்ட் ஹெலினாவிலிருந்து கொண்டுவந்தார்கள், கல்லறை முடிந்து உள்ளே வைக்க 1861 ஆகிவிட்டது. வாள், பீரங்கி, கவசத்தில் ஆசை இல்லையென்றால் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அம்மா எந்தக் கோயிலானாலும் கும்பிடுகிறவர் என்றால் பாக் தெரு 140ஆம் எண்ணுக்குக் கூட்டிப் போங்கள். 1830இல் கத்தரீன் லபூரே என்ற இளம் கன்னியருக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படும் சிற்றாலயம். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கழுத்தில் அணியும் அற்புதப் பதக்கம் இங்கே தொடங்கியதுதான். கட்டணம் இல்லை. அதே தெருவில் சில வாசல் தள்ளி இருப்பது, புதுச்சேரிக்குப் பல குருக்களை அனுப்பிய வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் வீடு. பக்கத்திலேயே பாபிலோன் தெருவில் கத்தரீன் பெயரில் ஒரு தோட்டம். முன்பு கன்னியர்களின் காய்கறித் தோட்டம். மதில் வாசலைக் கவனிக்காமல் நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். கையில் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்ப் புல்லில் உட்காருங்கள், யாரும் விரட்டமாட்டார்கள்.

கோபுரத்துக்கு எப்படியும் போவீர்கள். அதன் அருகே கே பிரான்லி அருங்காட்சியகத்தின் தோட்டத்துக்குள் இலவசமாக நுழையலாம்; உயரமான புல் புதர்களுக்கு நடுவே கோபுரம் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுபவர்களிடமும், கிண்ணத்துக்குள் பந்து எங்கே என்று பந்தயம் கட்டச் சொல்பவர்களிடமும் நிற்காதீர்கள்.

திங்கட்கிழமை ரோதான், ஓர்சே இரண்டும் மூடியிருக்கும், அன்றைக்குக் கத்தரீன் தோட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இரவில் சோறு இல்லாமல் முடியாது என்றால் வரேன் நிலையத்தில் 13ஆம் மெத்ரோ ஏறி, பிளாஸ் து கிளிஷியில் 2ஆம் தடத்துக்கு மாறி, தமிழ்க் கடைகளும் உணவகங்களும் இருக்கும் லாச்சப்பலில் இறங்குங்கள். ஏறும் முன் வரேன் நடைமேடையைப் பாருங்கள், 'சிந்தனையாளன்' நகல் ஒன்று அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.