பள்ளிக்கூட வாசலில் 40: சிட்னிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து சில மாதம்தான், கையில் இலங்கை லைசன்ஸ். காலை எட்டு மணி கடந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மணிக்கு 48 கிலோமீற்றரில் போனதற்குத் தண்டக் கடிதம் வந்திருக்கிறது. "அண்ணா, அந்த நேரம் றோட்டில் ஒரு பிள்ளையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீதி வேலை நடக்கிற இடத்தில் ஒரு ஆளும் இல்லை, அங்கேயும் 40 என்று போர்டு. காசு சேர்க்கத்தானே இதெல்லாம்? எங்கட ஊரில் இப்படிக் கொண்டுவந்தால் சனம் கேட்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசுக்காக இல்லை. ஊரில் சனம் கேட்கும் என்றும் நினைக்கிறேன். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெரும்பாலான பள்ளிக்கூட வலயங்களில் காலை 8 மணியிலிருந்து 9.30 வரை, பின்னேரம் 2.30இலிருந்து 4 மணி வரை வேகம் 40. சில பள்ளிக்கூடங்களுக்கு நேரம் மாறும், போர்டில் எழுதியிருக்கும். ஆசிரியர்கள் மட்டும் வருகிற நாளிலும் இது உண்டு, அதில் பலர் மாட்டுப்படுகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் இல்லை. றோட்டின் இரண்டு ஓரமும் பல்லு மாதிரி வெள்ளை முக்கோணங்கள் வரைந்திருந்தால் வலயத்துக்குள் வந்துவிட்டீர்கள். மற்ற இடத்தில் 10 கிலோமீற்றருக்கு உட்பட்ட மீறலுக்கு லைசன்ஸில் ஒரு குற்றப்புள்ளி என்றால், இங்கே இரண்டு. தண்டமும் கூட. கடிதத்தில் உள்ள இலக்கத்தைக் கொண்டு கமரா எடுத்த படத்தை இணையத்தில் பார்க்கலாம். திகதியும் நேரமும் பிழை என்றால் மீளாய்வு கேளுங்கள். சரி என்றால் காலம் கடத்தாமல் கட்டிவிடுங்கள்.

இனி உங்கள் 48. எட்டுக் கிலோமீற்றர்தானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 60இல் போகிற கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும், 40இல் 11 மீற்றர். கண் கண்டு, மூளைக்கு விளங்கி, கால் பிரேக்கில் போய் விழ ஒன்றரைச் செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40இல் வருகிறவர் காய்ந்த றோட்டில் கிட்டத்தட்ட 25 மீற்றருக்குள் முழுதாக நின்றுவிடுவார். 60இல் வருகிறவர் அந்த 25 மீற்றரில் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறார், வேகம் துளிகூடக் குறைந்திருக்காது. 48இல் வந்த நீங்கள் பிரேக்கை அழுத்தியிருப்பீர்கள், ஆனாலும் அந்த இடத்தில் கார் இன்னும் 35க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை நிற்பது அந்த 25ஆவது மீற்றரில் என்றால், ஒருவர் பிள்ளையைத் தொடவே இல்லை, மற்ற இருவரும் இடிக்கிறார்கள்.

றோட்டில் பிள்ளை இல்லை என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். மூன்று மணிக்கு மணி அடித்ததும் எந்த ஆரம்பப் பாடசாலை வாசலிலும் நின்று பாருங்கள். முழங்கால் வரை தொங்குகிற பை, கையில் பெயின்ட் காயாத ஒரு கடதாசி, அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரம். அம்மாவின் கார் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. நிறுத்திய இரண்டு காருக்கு நடுவில் அந்தப் பிள்ளை நின்றால் தலைகூட வெளியே தெரியாது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு வருகிற வாகனம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று மட்டிடவும் தெரியாது. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரச் சாரதி என்பது இதில் கணக்கே இல்லை. பிழை விடப் போவது பிள்ளை. அந்தப் பிழைக்கு உயிர் போகக் கூடாது என்பதற்குத்தான் 40.

வீதி வேலைக்கு வருவோம். அங்கே 40 போர்டு நிற்கும் வரைக்கும் அதுதான் அந்த இடத்துச் சட்டம், ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை, ஆனால் றோட்டு அப்படியே கிடக்கிறது. ஓரம் அரை அடி வெட்டியிருக்கும், பாதை ஒடுங்கியிருக்கும், பழைய கோட்டை அழித்துவிட்டுத் தற்காலிகக் கோடு போட்டிருப்பார்கள், தாரில் ஒட்டாத கல் சிதறிக் கிடக்கும். முன்னால் போகிற லொறிச் சில்லு அந்தக் கல்லைத் தூக்கி எறிந்தால் உங்கள் கண்ணாடிக்கு வரும். வேலை முடிந்தது என்ற போர்டும் பழைய வேகத்தின் போர்டும் வந்த பிறகு கூட்டுங்கள்.

நீங்கள் ஊரில் றோட்டு வேலை பார்க்காதவர் இல்லையே. வெயிலில் தார்ப்பீப்பா கொதிக்கும். காலில் சாக்குச் சுற்றிக் கட்டின பெண்கள் தாச்சியில் கல் சுமந்து கொட்டுவார்கள். அவர்களுக்கும் மினிபஸ்சுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிவப்புக் கொடியும் ஒரு பெடியனும்தான். இரவில் வெட்டின குழிக்கு அடையாளம் பூவரசங் கொப்பு ஒன்று, கொஞ்சம் அக்கறையான ஆட்கள் என்றால் அதில் ஒரு வெள்ளைச் சாரத்துண்டு. அந்தக் கொப்பைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் மெதுவாக்கினோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே அந்தக் கொப்பின் வேலையைத்தான் போர்டு செய்கிறது.

மற்றவை சுருக்கமாக. பள்ளிக்கூட பஸ் பின்னால் 40 என்று காட்டி வெளிச்சம் மின்னினால், அதன் பின்னால் வருகிறவரும் முந்துகிறவரும் 40க்கு மேல் போகக் கூடாது. பொலிஸ், அம்புலன்ஸ் சிவப்பு நீல வெளிச்சத்தோடு நிறுத்தியிருந்தால், 80 வரையான றோட்டுகளில் அதைக் கடக்கவும் 40தான். பிள்ளைகள் கடவையில் கொடி கட்டியிருந்தால், கடைசி ஆள் கடந்து முடியும் வரை நில்லுங்கள். நிறுத்தத் தடை உள்ள இடத்தில் "ஒரு நிமிஷம்தானே" என்று பிள்ளையை இறக்காதீர்கள், பள்ளிக்கூட வலயத்தில் அதற்கும் புள்ளி சேரும். அதோடு, அங்கே நிற்கிற கார்தான் மற்றப் பிள்ளைகளை மறைக்கிறது.

இப்போது ஊர். இலங்கையில் ஊர்மனைக்குள் காருக்கு 50, ஓட்டோவுக்கு 40. யாழ்ப்பாணத்தில் ஒரு பக்கம் வேம்படி, மறுபக்கம் மத்திய கல்லூரி, ஒன்றரை மணிக்கு இரண்டு பள்ளிக்கூடமும் விடுகிற நேரத்தில் அந்தப் பக்கத்து றோட்டை நினைத்துப் பாருங்கள். சைக்கிள், ஓட்டோ, ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை ஏற்றின அப்பா, இவ்வளவுக்கும் நடுவில் ஹோன் அடித்துக்கொண்டு வருகிற பஸ். போருக்குப் பிறகு வழுவழுப்பான காப்பெற் றோட்டு வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது எங்கள் சனத்துக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் குழி இருந்தபோது குழியே வேகத்தைக் குறைத்தது. இப்போது குறைக்க எதுவும் இல்லை.

2020இல் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக வீதிப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்பவரும் சைக்கிள்காரரும் வாகனமும் கலக்கிற இடங்களில் அதிகபட்சம் 30 என்றது. எங்கள் பள்ளிக்கூட வாசல்களுக்கு அந்த 30தான் பொருத்தம். நாள் முழுக்க வேண்டாம், நாள் முழுக்க என்றால் சனம் மதியாது. காலை ஏழிலிருந்து எட்டு, மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு, தொடங்குகிற இடத்தில் ஒரு போர்டு, முடிகிற இடத்தில் ஒன்று. இங்கே சிட்னியில் 40 வேலை செய்வதும், குறுகின நேரம், தெளிவான எல்லை, மீறினால் நிச்சயம் தண்டம் என்பதால்தான்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் ஊரில் காரியம் தடைப்படும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் கையில். ஒழுங்கைகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. கடிதத்தை மாறி அனுப்பினால் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும்.

எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மண்டபம், மதில், நூலகம் என்று எவ்வளவோ கட்டிக் கொடுத்திருக்கின்றன. மதிலுக்கு வெளியே இருக்கிற இருநூறு மீற்றரை யாரும் எடுத்துப் பேசவில்லை. அதிபர், பெற்றோர், பழைய மாணவர் மூவரும் கையெழுத்து வைத்துச் சரியான அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போனால், அப்புறம் போர்டுச் செலவு பெரிய காசில்லை. எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்பப் போகிறேன். உங்கள் பள்ளிக்கூடம் எது, வாசல் எந்த வீதியில் என்று எழுதி அனுப்புங்கள் தம்பி, அதையும் சேர்த்துக்கொண்டு போகிறேன்.