வெயில் விழும் இடத்துக்கு எந்தப் பூச்செடி?

கேள்வி: வீட்டின் முன்புறம் பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது. நாள் முழுவதும் வெயில் அடிக்கும் இடம். எப்போதும் பூ இருக்க வேண்டும், அதே சமயம் அடிக்கடி புதுச்செடி வாங்கவும் கூடாது. ஒருபருவச் செடிகளை வைக்கலாமா, பல்லாண்டுச் செடிகளை வைக்கலாமா?

பதில்: செடி வாங்கும் முன் ஒரு நாள் காலை எட்டு மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்தியைப் பார்த்து, நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வெயில் என்று நாம் நினைக்கும் பல இடங்களில், சுவரின் நிழலோ பக்கத்து மரத்தின் நிழலோ நண்பகலுக்குப் பின் வந்து உட்கார்ந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேரடி வெயில் கிடைத்தால்தான் அதை முழு வெயில் இடம் என்று கொள்ள வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருபருவச் செடிக்கு வாழ்நாள் சில மாதங்களே என்பதால், அது முளைத்த நாள் முதல் விதை கட்டுவதிலேயே குறியாக இருக்கும். அந்த அவசரம்தான் நமக்குக் கொத்துக் கொத்தான பூவாகக் கிடைக்கிறது. பல்லாண்டுச் செடியோ தன் முதல் ஆண்டு உழைப்பில் பெரும்பகுதியை வேருக்கும் தண்டுக்கும் செலவிடும். முதல் ஆண்டில் அது அள்ளிக் கொடுக்கவில்லையே என்று பிடுங்கிப் போடுகிறவர்கள், பூக்கத் தயாராகி நிற்கும் செடியைத்தான் பிடுங்கிப் போடுகிறார்கள்.

ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. பாத்தியின் பின்வரிசையில் ஒரு செம்பருத்தி, ஒரு இட்லிப்பூச் செடி, ஒரு நந்தியாவட்டை என மூன்று பல்லாண்டுச் செடிகளை, ஒன்றுக்கொன்று மூன்றடிக்குக் குறையாமல் இடைவெளி விட்டு நடுங்கள். நடும்போது அந்த இடைவெளி வெறிச்சென்றுதான் தோன்றும். அதைப் பொறுக்காமல் ஒன்றரை அடிக்கு ஒரு செம்பருத்தியாக நட்டு, மூன்றாம் ஆண்டில் பாதியை வெட்டி எறிந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஒருபருவச் செடிகள் இருக்கின்றன: நடுவில் ஜினியா, செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை; முன்விளிம்பில் தரையோடு படரும் டேபிள் ரோஸ். பல்லாண்டுச் செடிகள் பெருகப் பெருக, இவற்றின் எண்ணிக்கையையும் நாற்றுச் செலவையும் குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் உயரமான செடிகளின் நிழல் குட்டைச் செடிகளின் மேல் விழுமானால், பின்வரிசை, முன்வரிசை என்ற கணக்கை மாற்றிவிடுங்கள். கண்ணுக்கு அழகாக அமைவதைவிட வெயில் எல்லாச் செடிக்கும் கிடைப்பது முக்கியம்.

விற்பவர் சொல்லும் வகைப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நித்தியகல்யாணி உறைபனி இல்லாத இடங்களில் ஆண்டுக்கணக்கில் வாழும் செடி. உறைபனி விழும் இடங்களில் அதே செடி குளிரில் மடிந்துவிடுவதால், ஒருபருவச் செடியாக விற்கப்படுகிறது.

கேள்வி: காஸ்மோஸும் செண்டுமல்லியும் இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேலென்று நிற்கின்றன, பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. வாரம் தவறாமல் உரம் போடுகிறேன். என்ன குறை?

பதில்: உரம்தான் குறை, அதாவது உரம் அதிகமாகிவிட்டது. தழைச்சத்து மிகுந்தால் செடி இலைவிடுவதிலேயே நின்றுவிடும். காஸ்மோஸ் இந்த விஷயத்தில் மிகவும் மோசம், சற்று மெலிந்த மண்ணில்தான் அது நன்றாகப் பூக்கும். நடும்போது கலந்த மக்கிய எருவே அதற்குப் போதும். உரத்தை நிறுத்திவிட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் வேர்ப்பகுதியில் நீர் விடுங்கள்.

அடுத்த முறை செண்டுமல்லி நாற்று அரை அடி உயரம் வந்ததும், நுனிக் குருத்தை நகத்தால் கிள்ளிவிடுங்கள். முதல் பூ சில நாள் தள்ளிப்போகும். ஆனால் ஒவ்வோர் இலைக் கணுவிலிருந்தும் ஒரு கிளை புறப்பட்டு, ஒற்றைக் குச்சியாக நிற்க வேண்டிய செடி புதராகும். வாடிய பூக்களை இதழை மட்டும் பிய்க்காமல், அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தோடு சேர்த்துக் கிள்ள வேண்டும், ஏனென்றால் விதை உருவாவது அந்தக் கிண்ணத்துக்குள்தான். விதை முற்ற விட்டால், வந்த வேலை முடிந்தது என்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஜினியா இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளைப் படலம் வருகிறது. மருந்து உண்டா?

பதில்: அது சாம்பல் நோய், ஒரு பூஞ்சை. மருந்தைவிட இடைவெளியே இதற்கு நல்ல வைத்தியம். செடிக்குச் செடி ஓரடி விட்டு, காற்று நடமாட வழி செய்யுங்கள். பாதிக்கப்பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். ஜினியாவை நாற்றாகப் பிடுங்கி நடுவதைவிட, இருக்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. அதன் வேர் இடமாற்றத்தை விரும்புவதில்லை.

கேள்வி: அடர்சிவப்புச் செண்டுமல்லியிலிருந்து எடுத்த விதையை விதைத்தேன், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கிறது. விதை கலந்துவிட்டதா?

பதில்: கலக்கவில்லை. நீங்கள் வாங்கியது கலப்பின விதையாக இருந்திருக்கலாம்; அதன் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போலவே வராது. பக்கத்து வேறு நிறச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்திருந்தாலும் இப்படி நிகழும். அதே நிறம்தான் வேண்டுமென்றால், நன்கு வளர்ந்த செடியிலிருந்து பூ மொட்டில்லாத இளந்தண்டை நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். அது வேர்விட்டதும் வெயிலுக்கு மாற்றலாம்.

கேள்வி: வெயிலையும் வறட்சியையும் தாங்கும் என்று அரளி வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: தாங்கும் என்பது உண்மை. ஆனால் இலை, பூ, தண்டு, வேர் என அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. குழந்தை எதையும் வாயில் வைக்கும் வயதைக் கடக்கும்வரை அரளி வேண்டாம். அந்த இடத்தில் காகிதப்பூவை வையுங்கள், முள் இருப்பதால் நடைபாதையை விட்டுச் சற்றுத் தள்ளி.